எங்கும் உள்ளவனை ஸேவிக்க மலை ஏறுவானேன்?



திருமங்கையாழ்வார் சிங்கவேள்குன்றத்தை மங்களாசாஸனம் செய்தருளிய பத்துப் பாசுரங்களை அநுஸந்திக்கும் அடியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மற்ற திவ்யதேசங்களைப் பாடும்போது ஆழ்வார் திருவாக்கில் சோலையும் வயலும் வண்டும் மயிலும் நிறைந்து வரும். இங்கேயோ தீயில் தேய்ந்த மூங்கில், உடைந்து கிடக்கும் பாறை, நாய், கழுகு, நடுப்பகலில் சுழன்றடிக்கும் காற்று, வழிப்போக்கரை மறிக்கும் வில்வேடர் ஆகியவையே வருகின்றன. ஒரு தினையளவு தூரமும் நகர முடியாது என்கிறார். தெய்வங்களுக்கே அன்றி மற்றவருக்கு இது எட்டாது என்கிறார். இது வாருங்கள் என்று அழைக்கும் திருமொழியா, வராதீர்கள் என்று தடுக்கும் திருமொழியா என்று கேட்கத் தோன்றும்.

பெரிய திருமொழி முதற்பத்தின் ஏழாம் திருமொழி இது. ஆழ்வார்களுள் திருமங்கையாழ்வார் ஒருவரே இத்தலத்தைப் பாடியிருக்கிறார். பல ஆண்டுகளாக வீட்டில் அமர்ந்து இதைச் சொல்லி வந்தோம். பாசுரத்தின் முன்பாதி மனத்தில் நிற்கும், பின்பாதி வாயோடு போய்விடும். நரஸிம்ஹனுடைய சீற்றத்தை நினைக்க முடிகிறது. உடைந்த பாறையையும் தேய்ந்த மூங்கிலையும் எதைக் கொண்டு நினைப்பது? சென்ற மார்கழி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அடியோங்கள் எழுவர் அஹோபிலம் சென்றபோதுதான் பின்பாதியும் பாசுரமே என்பது காலில் உறைத்தது.

அஹோபிலம் ஆந்திர தேசத்தில், நந்தியால் மாவட்டத்தில், நல்லமலைத் தொடரில் இருக்கிறது. கீழ் அஹோபிலத்தில் ப்ரஹ்லாதவரதன் ஊரோடு ஊராக எழுந்தருளியிருக்கிறான். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரம் வண்டியில் சென்றால் மேல் அஹோபிலம். அங்கே குகைக்குள் உக்ரமூர்த்தியாக அஹோபில நரஸிம்ஹன். வண்டிப்பாதை அத்தோடு முடிகிறது. கோயிலுக்குப் பின்புறம் பவநாசினி என்னும் காட்டாற்றை ஒட்டி ஒரு நடைபாதை தொடங்குகிறது. வராஹ நரஸிம்ஹனை (க்ரோட நரஸிம்ஹன் என்றும் சொல்வர்) முதலில் ஸேவித்து, மேலே ஜ்வாலா நரஸிம்ஹன் ஸந்நிதி வரை செல்லும் பாதை அது. தூரத்தைக் கேட்டால் யாரும் அஞ்ச மாட்டார்கள். ஊரில் காய்கறி வாங்கப் போய்வரும் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆனால் அதில் சமதரை என்பது அநேகமாக இல்லை. முதலில் ஆற்றுப்படுகையில் உருண்டு கிடக்கும் பாறைகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மாற்றி நடக்க வேண்டும். பிறகு படிகள். ஒன்று அரை முழம் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம். இருபுறமும் செந்நிறப் பாறைச்சுவர் நெருங்கி வர, வானம் ஒரு பட்டையாகக் குறுகுகிறது. ஏறியவர் திரும்பிப் பார்த்தால் பச்சைப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் சமவெளியும் தெரியும். மூச்சு வாங்க நிற்பவர்களே அந்தக் காட்சியை முழுவதும் காண்கிறார்கள். வேகமாக ஏறினவர்கள் படிகளை மட்டுமே பார்த்திருப்பார்கள்.

எங்கள் கோஷ்டியில் கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு பாறைமீது அமர்ந்து காலைத் தடவிக்கொண்டு அவர் கேட்டார். "இரணியன் கேட்டான், இந்தத் தூணில் உள்ளானா என்று. ப்ரஹ்லாதன் உள்ளான் என்றான். உடனே வந்தான். அப்படியானால் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துத் தூணிலும் உள்ளான் அல்லவா? எங்கும் உள்ளான் என்று காட்டிய இடத்துக்கே இவ்வளவு பாடுபட்டுப் போக வேண்டும் என்றால், அவன் காட்டியது வீண் ஆகாதா?"

கோஷ்டியில் சிலர் சிரித்தார்கள். ஒருவர், பெரியவர்கள் எதிரில் இப்படிக் கேட்கலாமா என்று கடிந்துகொண்டார். எங்களுக்கோ அது அபசாரமாகப் படவில்லை. இரணியனும் கேட்டான், விரோதத்தால். இந்தப் பிள்ளை கேட்டது கால்வலியால். கால்வலியால் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எல்லா அவதாரங்களிலும் இந்த அவதாரத்துக்கே உரிய கேள்வி வேறு. ராமனைக் காண அயோத்திக்குப் போவதிலும் கண்ணனைக் காண ஆய்ப்பாடிக்குப் போவதிலும் இந்த முரண் இல்லை. அவர்கள் அங்கே பிறந்தார்கள், வளர்ந்தார்கள். நரஸிம்ஹனோ ஓர் இடத்துக்கு உரியவன் அல்லன் என்பதை மெய்ப்பிக்கவே ஓர் இடத்தில் தோன்றினவன். நம்மாழ்வார் திருவாய்மொழி இரண்டாம் பத்தில் இதைப் பேசும்போது, தட்டிய அவ்விடத்திலேயே, தட்டிய அப்பொழுதிலேயே தோன்றினான் என்பதைத்தான் அழுத்துகிறார். வேறிடத்தில் தோன்றியிருந்தாலும், சற்றுத் தாழ்த்துத் தோன்றியிருந்தாலும் சிறுபிள்ளையின் வார்த்தை பொய்த்திருக்கும். அந்தத் தூணும் இரணியன் தானே அளந்து நட்டது. எவரோ முன்கூட்டித் தெய்வத்தை ஒளித்து வைத்தார் என்று சொல்ல இடமில்லாத தூண். அவன் தோன்றியது பகைவனுடைய வீட்டுக் கூடத்தில்.

அந்தக் கேள்விக்கு நம்மவர்களில் பலர் உடனே சொல்லும் விடை ஒன்று உண்டு. கஷ்டப்பட்டு ஏறினால் பலன் அதிகம் என்பார்கள். அன்றும் ஒருவர் சொன்னார். இதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு சங்கடம். படி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது போலிருக்கிறது. அப்படியானால் வலுவான முழங்கால் உள்ளவன் பெரிய பக்தன், மூட்டு தேய்ந்தவள் சிறிய பக்தை என்று முடியும். கைக்கடிகாரம் எண்ணித் தரும் அடிக்கணக்கே சரணாகதி ஆகிவிடும். நம் ஸித்தாந்தத்தில் உபாயம் எம்பெருமானே. அவன் ஏற்கெனவே ஸித்தமாய் இருக்கிறவன், நம்முடைய முயற்சியால் உண்டாக வேண்டியவன் அல்லன். குரங்கின் குட்டியைச் சொல்வாரும் பூனையின் குட்டியைச் சொல்வாரும் சேதனன் செய்ய வேண்டியது எவ்வளவு என்பதில் வேறுபடுவரே அன்றி, அவன் அருளுக்கு நம் செயல் ஈடான விலை என்று எவரும் சொன்னதில்லை. ஆசார்யனை முன்னிட்டுச் செய்யும் ப்ரபத்தியே விலை அல்ல என்றால், மூன்று நாழிகை மலை ஏறியது விலை ஆகுமா?

ஆழ்வாருடைய யாத்திரைக் க்ரமமே இதற்கு ஒரு ஸாக்ஷி. முதற்பத்தில் வதரியைப் பாடும்போது, முதுமை வந்து, கோல் ஊன்றி, இருமி, தள்ளாடும் நாள் வருவதற்கு முன்னே போய்த் தொழுங்கள் என்று விரட்டுகிறார். கால் உள்ளபோதே போ என்பது அங்கே உபதேசம். அதன்பின் ஸாளக்கிராமம். அடுத்து நைமிசாரணியத்தில், கழிந்த நாட்களை எண்ணி நாணி, உன் திருவடியை வந்தடைந்தேன் என்று சரணம் புகுகிறார். அதற்கு அடுத்ததுதான் எவராலும் செல்ல முடியாத சிங்கவேள்குன்றம். கால்வலிமையைப் பேசியவர், சரணம் புகுந்த பிறகு, கால்வலிமை எதற்கும் உதவாத ஒரு மலையைப் பாடுகிறார். அந்த மலையைப் பாடும் ஒன்பதாம் பாசுரத்தில் தம் நெஞ்சை அழைத்து, நீ நல்லை என்று கொண்டாடி, நாம் தொழுவோம் என்கிறார். செல்ல முடியாது என்று எட்டுப் பாசுரம் சொன்னவர் ஒன்பதாவதில் தொழுவோம் என்பது எப்படிப் பொருந்தும்? சென்றுதான் தொழ வேண்டும் என்பது இல்லாமையால் பொருந்தும் என்று கொள்ள எங்களுக்கு இடமிருக்கிறது.

ஆகவே பிள்ளையின் கேள்வி மேலும் கூர்மையாகிறதே ஒழியத் தணியவில்லை. நெஞ்சாலேயே தொழலாம் என்றால் வந்தது எதற்கு?

அப்போது நாங்கள் ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தோம். மழைக்காலத்தில் பவநாசினி கரைபுரண்டு வரும், அந்நாளில் கடக்கவே முடியாது என்று சொன்னார்கள். இப்போது வெள்ளம் வடிந்து, பாறைகளுக்கு இடையே மெல்லிய ஒழுக்காக இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுக்கு எங்கே மறைகிறது என்று தெரியாது. சில இடங்களில் கல்லுக்கு அடியில் சலசலப்பு மட்டும் கேட்கும், கண்ணுக்குத் தண்ணீர் இல்லை. பத்தடி தள்ளி ஒரு மடு, தெளிவாகத் தேங்கி நிற்கும். தாகத்தோடு இருந்த நாங்கள் குனிந்து கையால் அள்ளி முகம் கழுவியது அந்த மடுவில்தான். பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் தண்ணீராகவே காட்டியருளினார் என்பது அடியவர்கள் அறிந்ததே. அந்தர்யாமியாய் இருக்கும் நிலை பூமிக்குள் ஓடும் நீர், பரமபதத்து நிலை அண்டத்துக்குப் புறத்தே சூழ்ந்த நீர், வியூகம் பாற்கடல், விபவ அவதாரங்கள் பெருக்கெடுத்த ஆறு, அர்ச்சை அந்த ஆறு வற்றின பின்னும் தேங்கி நிற்கும் மடு.

காலக்ஷேபத்தில் பலமுறை கேட்ட த்ருஷ்டாந்தம்தான். ஆனாலும் காலடியில் மறைநீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டே மடுவில் கைநனைத்த அன்றுதான், இது உவமைக்காகச் சொன்னது அல்ல, தாகித்தவன் சொன்னது என்று தோன்றிற்று. பேருந்து நிலையத்துத் தூணில் அவன் இல்லாமல் இல்லை. கல்லுக்கு அடியில் தண்ணீரும் இல்லாமல் இல்லை. தோண்டக் கடப்பாரை வேண்டும். ப்ரஹ்லாதனுக்கு அந்தக் கடப்பாரை கையில் இருந்தது. கருவிலேயே நாரதர் உபதேசம் பெற்று, நெருப்பிலும் நஞ்சிலும் அவனையே கண்டவன் அவன். அவனுக்குத் தூண் போதும். நமக்கு மடு வேண்டும். எங்கும் உள்ளான் என்பது நரஸிம்ஹன் காட்டிய தத்துவம். அதை நம்பியும் காண மாட்டாத நமக்காக இங்கே தங்கினான் என்பது அவனுடைய தயை. முன்னது மெய் என்பதால் பின்னது வேண்டாததாகி விடாது.

பிள்ளை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மடு தேங்குவதானால் தாழ்ந்த இடத்தில் அல்லவா தேங்க வேண்டும்? இவன் ஏன் மேலே தேங்கினான்?" என்றார். தண்ணீர் உவமையை எடுத்தவர்கள் தண்ணீராலேயே மடக்கப்பட்டோம்.

இந்த இடத்தில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுவரில் மூத்தவர் அவர். வயது 70-ஐத் தாண்டியது. இளமையில் சித்தூரில் குடியிருந்ததால் தெலுங்கு நன்றாகப் பேசுவார். முழங்கால் வலி பத்தாண்டுகளாக உண்டு. அவரை டோலியில் வைத்து அழைத்துப் போவது என்று முன்பே முடிவு. மூங்கில் தண்டில் தொங்கும் இருக்கை, அதைத் தோளில் சுமக்க நான்கு பேர். அவ்வூர்க்காரர்கள். தொடக்கத்திலிருந்தே அவர்கள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைத்த காலை அவர்கள் பாராமலே வைத்தார்கள்.

வராஹ நரஸிம்ஹன் ஸந்நிதியை நாங்கள் அடைந்தபோது பெரியம்மா டோலியை விட்டு இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். இனி ஏறமாட்டேன் என்றார். என்ன என்று பதறிக் கேட்டோம். "இவா மூச்சு என் காதிலே விழறதுடா. திருமொழியைச் சொல்ல ஆரம்பிச்சா வாயிலே வரமாட்டேங்கறது. நான் இங்கேயே இருக்கேன், இவரும் அவர்தானே. நீங்கள் போய் ஸேவிச்சுட்டு வாங்கோ. இவாளுக்குப் பேசின பணத்தை முழுசாக் கொடுத்துடுங்கோ."

நால்வரில் மூத்தவர் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். பாதி தூரம்தான் சுமந்தோம், பாதிக் கூலி கொடுங்கள், சுமக்காததற்கு வாங்க மாட்டோம் என்றார். பெரியம்மா வற்புறுத்த, அவர் சற்றுக் கோபத்தோடே ஒரு வார்த்தை சொன்னார். அதை அப்படியே தமிழில் எழுதினால்: "அம்மா, பருவேட்டையில் ஸ்வாமியைப் பல்லக்கில் சுமக்கிற தோள் இது. தோள் வலிக்கும் என்று ஸ்வாமி ஒரு நாளும் இறங்கிக்கொண்டது இல்லை."

வாயடைத்துப் போனோம். பருவேட்டை என்பது ஸங்க்ராந்தியை ஒட்டித் தொடங்குகிற உத்ஸவம். ஏறக்குறைய நாற்பது நாட்கள் உத்ஸவமூர்த்திகள் பல்லக்கில் ஏறி, சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு எழுந்தருளுகிறார்கள். இந்தக் காட்டில் வாழும் செஞ்சு இனத்தவர் நரஸிம்ஹனைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள். செஞ்சுலக்ஷ்மியை மணந்தவன் என்பது அவர்கள் வழக்கு. பங்குனியை ஒட்டி வரும் ப்ரஹ்மோத்ஸவக் கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளையே நேரில் போய் உறவினரை அழைக்கும் பயணம் அது என்றும் சொல்வார்கள். கோயில்களில் பெருமாள் பல்லக்கைச் சுமப்பவர்களை ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று மரியாதையோடு அழைக்கிறோம். அதே தோள் நம்மைச் சுமந்தால் கூலிக்காரர் என்கிறோம். சுமையின் பெருமையால் தோளுக்குப் பெயர் வைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி நாங்கள் அதுவரை நினைத்ததே இல்லை.

அதே சமயம் இதை எளிதில் ஒரு நீதிக்கதை ஆக்கிவிடவும் மனம் கூசுகிறது. சுமக்கப்பட இசைவதே சரணாகதி, பெரியம்மா அதை மறந்து இறங்கினார், கிழவர் நினைவூட்டினார் என்று உபந்யாஸத்தில் சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் எம்பெருமானுக்கு நாம் பாரம் அல்லோம். அந்த நால்வருக்குப் பெரியம்மா பாரம்தான். அவர்கள் வாங்கும் மூச்சு மெய்யான மூச்சு. ஏழையின் தோளை நம் ஸித்தாந்தத்துக்கு உவமையாக்கி, உவமை கிடைத்த ஆனந்தத்தில் அவன் வியர்வையை மறப்பது பாகவத லக்ஷணம் ஆகாது. அதேபோல, இரக்கப்பட்டு இறங்கிக்கொண்டு, சுமக்காததற்கும் பணம் தந்து, அவனைப் பிச்சை ஏற்பவனாக்குவதும் தர்மம் ஆகாது. கிழவருக்குக் கோபம் வந்தது அதனால்தான். ஏறினால் ஒரு குறை, இறங்கினால் வேறொரு குறை. பெரியம்மா சரி செய்தாரா, தவறு செய்தாரா என்று எங்களுக்குள் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

பெரியம்மா இறங்கினது இறங்கினதுதான். கிழவரும் அவரைத் தனியே விட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. மற்ற மூவர் வேறு யாத்ரிகர்களைத் தேடி இறங்க, அவர் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புலி உலவும் காடு இது, ஒருவர் கூட இருக்கட்டும் என்று நாங்களும் விட்டோம்.

மேலே ஏற ஏற, பிள்ளையின் இரண்டாவது கேள்வி கூடவே வந்தது. இவன் ஏன் மேலே தேங்கினான்?

ஸம்ப்ரதாயத்தில் இந்தத் திருமொழிக்குக் கொள்ளும் கருத்து மிகவும் இனிமையானது. போக முடியாத இடம் என்பதை ஆழ்வார் குறையாகச் சொல்லவில்லை, மகிழ்ந்து சொல்கிறார். அஸுர ஸ்வபாவம் உள்ளவர்கள் கிட்ட முடியாத இடத்தில் எம்பெருமான் இருக்கிறானே, அவனுக்கு ஒரு தீங்கும் வராதே என்ற நிம்மதி அது. பெரியாழ்வார் பல்லாண்டு பாடின மனமே இங்கும். மல்லரை அழித்த தோளைக் கண்டவர் அந்தத் தோளுக்கே கண்ணெச்சில் படுமோ என்று பயந்தார். இரணியனைப் பிளந்த நகத்தைப் பாடும் ஆழ்வார் அந்த நகமுடையவனுக்கே காவல் தேடுகிறார். காற்றும் கல்லும் தீயும் வேடரும் காவலாக நிற்பதைக் கண்டு தேறுகிறார். எனவே இது யாத்ரிகனைத் தடுக்கும் திருமொழி அன்று. குழந்தை உறங்கும் அறைக்கு வெளியே தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் தாயின் வார்த்தை போன்றது.

நடந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு பாசுரத்திலும் முன்பாதி நரஸிம்ஹனுடைய வாய், எயிறு, உகிர், சீற்றம். பின்பாதி காட்டின் சீற்றம். இரண்டும் ஒரே மொழியில் பேசப்படுகின்றன. அந்தச் சீற்றம் இரணியனுக்குச் சீற்றம், மடியில் ஏறிய பிள்ளைக்கு ஆதரவு. யானையோடு பொருகிற சிங்கம் அதே நேரத்தில் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்பது பெரியோர்கள் காட்டும் த்ருஷ்டாந்தம். முதல் பாசுரத்தில் காட்டுச் சிங்கங்களே யானைக் கொம்பைக் கொண்டுவந்து பக்தியோடு திருவடியில் ஸமர்ப்பிக்கின்றன. கொடுமையெல்லாம் கைங்கர்யமாக மாறி நிற்கும் காடு அது. வழிப்பறி வேடரைப் பாடும் பாசுரத்தை நினைக்கும்போது எங்களுக்கு ஒரு புன்முறுவலும் வருவதுண்டு. வழியிலே மறித்துப் பொருள் பறிப்பது எப்படி என்பது இந்த ஆழ்வாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறிக்கப் போன இடத்தில் திருமந்த்ரம் பெற்றவர் அவர்.

கடைசிப் பகுதியில் இரும்புப் பாலம் ஒன்று. அதன்பின் செங்குத்தான படிகள். மேலே பாறைவிளிம்பிலிருந்து அருவி சிதறி விழும் இடத்தின் வழியாகவே ஸந்நிதிக்குப் போக வேண்டும், நனையாமல் போக முடியாது. பாறையின் குடைவுக்குக் கீழே ஜ்வாலா நரஸிம்ஹன், பல திருக்கைகளோடு, இரணியனை மடியில் கிடத்தின திருக்கோலத்தில். அருகே ரக்தகுண்டம் என்று வழங்கும் சிறு சுனை. பத்துப் பாசுரங்களையும் அங்கே ஸேவித்தோம். மூச்சு இளைத்ததால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, எழுவர் சேர்ந்தால் வரும் கோஷ்டி ஸ்வரம் இல்லாமல், பிய்ந்து பிய்ந்து வந்தது. எழுவர் என்று எழுதிவிட்டோம், அறுவர்தான் இருந்தோம்.

அதற்கும் மேலே உக்ரஸ்தம்பம். மலையுச்சியில் இரண்டாகப் பிளந்தாற்போல் நிற்கும் பாறை. நரஸிம்ஹன் வெளிப்பட்ட தூண் அதுவே என்பர். அதற்குப் படி கிடையாது, கையும் காலும் சேர்ந்துதான் ஏற வேண்டும். இளையவர் மூவர் மட்டும் போனோம். (மூவரில் இதை எழுதுகிறவர் உண்டு, இளையவர் என்பது அங்கிருந்தவர்களை நோக்கச் சொன்னது.) உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. நாற்புறமும் மடிப்பு மடிப்பாக நல்லமலை. ஒரு கணம், ஏறிவிட்டோம் என்ற எண்ணம் தலைதூக்கியதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த கணம் வேறொன்று தோன்றிற்று. ஒரு காலத்தில் இது மலையுச்சி அல்ல, ஓர் அரண்மனைக் கூடம் என்றல்லவா கதை? ப்ரஹ்லாதன் இங்கே ஏறி வரவில்லை. அவனுக்கு இது பிறந்த வீடு. ஏறிவிட்டோம் என்று நினைக்கத்தக்கவனாக இந்த இடத்தில் நின்றவன் ஒருவனே, அவன் இரணியன். அந்த நினைப்போடு அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. பிள்ளை தன் கைபேசியை எடுத்தவர், படம் எடுக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். முழங்கால் நடுங்கும். இறங்கும்போது பிள்ளைக்கு ஒன்றைச் சொன்னோம். மேலே தேங்கினவன் மேலேயே இருந்துவிட்டானா என்று பார். ஆதிவண்சடகோப ஜீயர் 1398-ஆம் ஆண்டளவில் இத்தலத்திலே திருமடத்தை ஸ்தாபித்தபோது, மாலோலன் அவர் திருக்கைகளில் வந்தமர்ந்தான் என்பது ஸம்ப்ரதாயம். அன்று முதல் அழகியசிங்கர்களோடு ஊர் ஊராக எழுந்தருளிக்கொண்டிருக்கிறான். 600 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆண்டுதோறும் தை பிறந்தால் பருவேட்டைக்கு இறங்குகிறான். இந்தப் பாதையில் நாம் ஏறினது ஒரு நாள். அவன் இறங்கினதோ தலைமுறை தலைமுறையாக. பிள்ளை, "அப்படியென்றால் நாம் வழியில் எதிர்ப்பட்டோம், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது எங்கள் விடையைவிட நன்றாக இருந்தது.

வராஹ நரஸிம்ஹன் ஸந்நிதியருகே வந்தபோது உச்சிப்பொழுது கடந்திருந்தது. பெரியம்மா விட்ட இடத்தில் இல்லை. ஒரு கணம் திகைத்தோம். ஆற்றோரம் சற்றுத் தள்ளி அவர் குரல் கேட்டது. மடிநிறைய நெல்லிக்காய். பக்கத்தில் கிழவர். பெரியம்மா ஒரு பாசுரத்தைச் சொல்வதும், அதில் வரும் மரத்தின் பெயரைத் தெலுங்கில் தமக்குத் தெரிந்த மட்டும் விளக்குவதும், அவர் எழுந்து போய் அந்த மரத்தைக் காட்டுவதுமாக இருந்தார்கள். நெல்லி என்றதும் அவர் உசிரி என்றார், பறித்தும் தந்தார். மூங்கில், வெதுரு. வாகை எது என்று பெரியம்மாவுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. காய் முற்றிக் காய்ந்தால் காற்றில் கலகலவென்று ஒலிக்கும் மரம் என்று பாசுரத்திலிருந்தே சொன்னாராம். கிழவர் உடனே திரிசனம் என்று சொல்லி, பாறைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார். இலையுதிரத் தொடங்கிய மரம். நெற்றுகள் காய்ந்து தொங்கின. காற்று வரும்வரை இருவரும் காத்திருந்து, அந்த ஓசையைக் கேட்டார்களாம்.

"ஐம்பது வருஷமாச் சொல்றேன், வாகை நெற்று எப்படிச் சத்தம் போடும்னு இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றார் பெரியம்மா. ஒன்பதாம் பாசுரத்தில் ஓயாமல் கேட்கும் அந்தச் சில்லென்ற ஒலி எது என்று அவர் கேட்டதற்கு, கிழவர் விரலை உதட்டில் வைத்துச் சும்மா இரு என்று காட்டினாராம். நாங்களும் சற்றுச் சும்மா இருந்தோம். காடு முழுவதும் அந்த ஒலியாகவே இருந்தது. காலையிலிருந்து எங்கள் பேச்சின் அடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரியம்மா தம் இடுப்புப் பையைத் திறந்து, முன்பு கிழவர் மறுத்த பணத்தை எடுத்தார். எங்களுக்குக் கவலையாயிருந்தது, மறுபடியும் வாக்குவாதம் வரப்போகிறதே என்று. அவர் அதை இரண்டு நெல்லிக்காயோடு சேர்த்து இரு கைகளிலும் ஏந்தி, திருமாளிகைகளில் காலக்ஷேபம் முடிந்ததும் வித்வான்களுக்கு ஸமர்ப்பிப்பதைப் போல நீட்டினார். இது கூலி இல்லை, ஸம்பாவனை, எனக்குப் பாடம் சொன்னதற்கு என்று தெலுங்கில் சொன்னார். கிழவர் நால்வர் பங்கு இதில் உண்டல்லவா என்று மட்டும் கேட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

மேல் அஹோபிலம் வரையிலான இறக்கத்தைப் பெரியம்மா நடந்தே கடந்தார், ஒரு கை கிழவர் தோளில். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்து வந்தால் மலையே ஏற வேண்டாம் அம்மா, ஸ்வாமி எங்கள் ஊருக்கு வருவார், திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கிழவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியம்மா தையில் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். கிழவர் ஊரின் பெயரை அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை கைபேசியில் குறித்துக்கொண்டார். பயணச்சீட்டு எடுக்கும் கைங்கர்யம் எங்களுக்கு விடப்பட்டிருக்கிறது.